நூற்றுப் பன்னிரண்டாம் கட்டம்

டாக்சியில் ஏறினால் கேட்பார்கள்: வயலினா?
பத்தொன்பது வருடமாக ஆமாம் என்கிறேன்.
தோ பாயோவிலிருந்து பிராஸ் பாசா வரை,
பதினைந்து வெள்ளிப் பயணத்தில்
வியோலா என்றால் என்னவென்று சொல்லி முடியாது.
வயலினைவிட நான்கு விரற்கடை நீளம்,
ஒரு சாண் கூடுதல் சோகம் என்று
முன்பு சொல்லிப் பார்த்ததுண்டு.
ஓட்டுநர் வானொலியைக் கூட்டி வைத்தார்.

சிராங்கூனில் ஒரு வளைகாப்புப் பந்தியில்
அத்தாச்சி விசாரித்தாள்:
"அப்ப பாடுறது யாரு? நீ யாருக்குப் பக்கவாத்தியம்?"
நல்ல கேள்வி.
வாய் நிறைய எலுமிச்சைச் சாதம் இருந்ததால் தப்பித்தேன்.

மேலே இரண்டு வயலின், கீழே செல்லோ,
நடுவில் நான்.
உப்பு மாதிரி என்று ஒரு பேட்டியில் சொன்னேன்.
அச்சில் அந்த வரி வரவில்லை.

ஹாம்பர்க்கில் நாலு குளிர்காலம் படித்தது,
திரைக்குப் பின்னால் அமர்ந்து வாசித்து
இரண்டாவதாக வந்து வேலை கிடைக்காதது,
ஓட்டல் வரவேற்பறைகளில் பிறருடைய கல்யாணங்கள்,
சனிக்கிழமை புக்கிட் பாத்தோக்கில்
வயலினுக்கு இடம் கிடைக்காத ஏழு பிள்ளைகள்.
சம்பளம் அறுபது நாள் கழித்து வரும்.
வரும்.

இந்த வருட விழாவில் ஐந்து மாலை, ஒன்பது உருப்படி.
வெளியே மழை விட்ட வெக்கை,
மண்டபத்துக்குள் பத்தொன்பது டிகிரி.
மரம் எதை நம்பும்?
முருக்காணி வழுக்கிக்கொண்டே இருந்தது,
சாக்பீஸ் தேய்த்துச் சமாதானப்படுத்தினேன்.
விளக்குக்காரப் பையன் வந்து
மூக்குத்தி மின்னுகிறது அக்கா, கழற்ற முடியுமா என்றான்.
வில்லையும் கழற்றிவிடவா என்றேன்.
பாவம், ஓடிப்போனான்.

மூன்றாம் மாலை. மெதுவான பகுதி.
எனக்கு ஒரே சுரம், முப்பத்தாறு கட்டம்.
அதன்மேல் சியாவ்யின்
நூல் விட விட ஏறும் பட்டமாக
ஏறிக்கொண்டிருந்தாள்.
நூற்றுப் பன்னிரண்டில் நூல் அறுந்தது.

வெளியே யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரிந்தது அவள் காதில்:
இடது காது மட்டும் சிவந்தது.
வில் இறங்க இடமின்றி அந்தரத்தில் நின்றது.
ஜெரார்ட் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
ஹிதாயா செல்லோவின் தோளுக்கு மேலாக
என்னைப் பார்த்தாள்.

என்னிடம் இருந்தது அந்த ஒரு சுரம்.
கட்டத்தின் முதல் தட்டில்
அதை ஒரு நகக்கண் அளவு அழுத்தினேன்.
அடுத்த கட்டத்தில் மறுபடி.
மூன்றாவதில் மூச்சையும் சேர்த்தேன்,
மின்சாரம் போன படிக்கட்டில்
முன்னால் போகிறவள்
கைப்பிடியைத் தட்டிக்கொண்டே போவதுபோல.
நாலாவதில் அவள் வந்து இறங்கினாள்,
எங்கும் போகாதவள் மாதிரி.

மறுநாள் நாளிதழில்
முதல் வயலினின் துணிச்சலான மௌனத்தைப் பற்றி
ஒரு பத்தி.
வியோலா "நம்பகமாக" இருந்ததாம்,
சலவை இயந்திரத்துக்குச் சொல்வார்களே, அப்படி.

கச்சேரி முடிந்த இரவே
கோப்பிக்கடையில் மீன் உருண்டை மீ சாப்பிட்டோம்,
வாத்தியப் பெட்டிகளைக் காலிடுக்கில் நிறுத்தியபடி.
சியாவ்யின் மகனின் தொடக்கப்பள்ளிப் பரீட்சை பற்றிப் பேசினாள்,
கணக்கில் அவன் பின்னம் பின்னமாகத் தவறுகிறானாம்.
எனக்கும் சேர்த்துத் தேசிக்குப் பணம் கொடுத்தாள்.
அதற்குமேல் எதுவும் இல்லை.

வியாழன் ஒத்திகையில் பென்சில் தேடி
அவளுடைய தாங்கியருகே குனிந்தேன்.
எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு:
தாளிலிருந்து தலை தூக்கிப் பார்க்கவேண்டிய இடத்தில்
சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்து வைப்போம்.
நூற்றுப் பன்னிரண்டின் மேல் ஒன்று இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே மூக்கும் போட்டிருந்தாள்.
இடது பக்கம்
பென்சிலை அழுத்தி
ஒரு புள்ளி.