எழுபத்தொன்றாவது நிமிடம்

மார்த்தாண்டத்தில் ஒரு கம்பெனி பூட்டியபோது
மூவாயிரத்து இருநூறுக்கு எடுத்த சிபியு.
மானிட்டர் வேண்டாமா என்றான் கடைக்காரன்.
அது எதையும் காட்ட வேண்டாம்,
பிடித்து வைத்தால் போதும் என்றேன்.

பீரோவின் மேல்
கிறிஸ்துமஸ் ஸ்டார் மடக்கிய அட்டைக்கும்
தையல் மெஷின் மூடிக்கும் நடுவில் அதற்கு இடம்.
முதல் நாள் மட்டும் ஹால் டிவியைக் கழற்றி மாட்டினோம்.
"கீபோர்டைக் காணவில்லை,
தொடர ஒரு விசையை அழுத்தவும்" என்றது.
கிளீட்டஸ் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டது.
ஏழு பல் கொட்டிய பழைய கீபோர்டு ஒன்றைப்
பிணையாக அதன் முதுகில் சொருகினேன்.
அதன் பிறகு அதற்கு முகம் கிடையாது.

தோப்பும்படியில் அவன் போட் ஏறிய அன்று
ஒருமுறை அணைத்துப் போட்டேன்.
அன்றிலிருந்து அது எண்ணுகிறது.
ராத்திரி இ-சேவை மையத்துக் கணக்கை மூடி
போனில் கறுப்புத் திரையைத் திறந்து
அப்டைம் என்று தட்டுவேன்.
பதினேழு நாள், ஆறு மணி நேரம்.
ஆழக்கடலில் அவனுக்கு ரேஞ்ச் இல்லை.
பீரோ மேலிருந்து பதில் வரும்.

பந்துகளி தொடங்க ஐந்து நிமிடம் முன்பு
உள்ளே தட்டு சுழலத் தொடங்கும்,
தீப்பெட்டிக்குள் வண்டு திரும்பிப் படுப்பதுபோல.
கண்ணில்லாதது
யாரும் பாராத ஆட்டத்தை வாங்கி வைக்கும்.
காலையில் நான் கோப்பின் கனத்தைத்தான் பார்ப்பேன்:
மூன்றரை ஜிபி என்றால் ஆட்டம் முழுசு.
ஜெயித்தது யார் என்பது எனக்கு வேண்டாம்.
வள்ளவிளையில் அது நடக்காது.
கோலுக்கு வெடி போடுகிற ஊர் இது.
சாளை நிறுக்கும்போதே மெல்டா சொல்லிவிடுவாள்.
ஒரு சீசன் முழுவதும் என் வாய்க்குள் கிடந்தது.

இறுதி ஆட்டத்தன்று காற்று.
ஒக்கிக்குப் பிறகு இந்தக் கரையில் யாரும்
அதை வெறும் காற்று என்று சொல்வதில்லை.
தென்னை மட்டை ஒன்று கம்பியில் விழுந்து
நீரோடி வரைக்கும் இருட்டு.
வீட்டுக்கு வீடு மெழுகுதிரி, முணுமுணுப்பு.
நான் ஜெபிக்கவில்லை.
அப்டைம், அப்டைம் என்று
தொடர்பில்லாத போனில் தட்டிக்கொண்டிருந்தேன்.

விடியும் முன்பு கரண்ட் வந்தது.
தானே எழும்பப் பழக்கியிருந்தேன், எழும்பியது.
இரண்டு நிமிடம் என்றது.
முப்பத்தெட்டு நாளை ஒரு மட்டை துடைத்துப்போட்டது.
எனக்கு ஓர்மை இருக்கு என்று
பீரோவைப் பார்த்துச் சொன்னேன்.
கோப்பு இரண்டரை ஜிபிதான்.

நாற்பத்துமூன்றாம் நாள் வந்தான்.
டீசலும் ஐஸும் மணக்க, செருப்பைக் கழற்றும் முன்னே
"சொல்லாதே பிள்ளே" என்றான்.
குளிக்கவில்லை. தரையில் இருந்து பார்த்தான்.
ஒன்றுக்கு ஒன்று. எழுபத்தொன்றாவது நிமிடம்.
மஞ்சள் சட்டை ஒன்பதாம் நம்பர்
ஃப்ரீ கிக்குக்குக் காலைப் பின்னால் இழுத்தான்.
படம் கட்டம் கட்டமாக உடைந்து
அப்படியே நின்றது, கால் காற்றில்.

"நினக்குத் தெரியும்."
"தெரியும்."
வெளியே ஸ்டெபின் வீட்டுப் பயல்கள்
அதே கோலை மணலில் அடித்துக்கொண்டிருந்தார்கள்,
பேர் சொல்லிக் கத்தி.
அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.
"இருக்கட்டும். அழிக்காதே."

பத்தாம் நாள் திரும்பப் போனான்.
போட்டில் மற்ற பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.
சொல்கிறவனுக்குக் கறி கிடையாது என்று உத்தரவாம்.

டிஸ்க் தொண்ணூற்றாறு சதவீதம்.
என் சீரியலில் நாற்பது எபிசோட் அழித்தேன்,
திருவிழாக் கொடியேற்றத்தையும் அழித்தேன்,
பங்குத்தந்தை மன்னிக்கட்டும்.
யுபிஎஸ் அடுத்த மாசம்.

இன்றைக்குத் தட்டினேன்.
மூன்று நாள், பதினொரு மணி நேரம்.
அவன் இருக்கிற இடத்தில்
இன்னும் ஒன்றுக்கு ஒன்று.