கீழ்த் தாழ்ப்பாள்

ஆரல்வாய்மொழியில் வீடு பார்க்கிறவர்கள்
தண்ணீர் எப்படி என்று கேட்பார்கள்.
கதவு எப்படி என்று யாரும் கேட்பதில்லை.
நானும் கேட்கவில்லை.

வைகாசி முடிந்தால் கணவாய் வழியே வருகிறது.
முதலில் காலண்டர், பிறகு கொடியில் கிடக்கும் சேலை,
பிறகு வீட்டின் ஐந்து கதவுகளும்
ஒன்று மாற்றி ஒன்று.
பக்கத்து வீட்டு ஸ்டெல்லஸ் அண்ணன் கேட்டார்:
"என்ன ஓய், ஒமக்க வீட்டுல டெய்லி சண்டையா?"

ரெனிலாவுக்கு ஒரு வயது ஐந்து மாதம்.
கதவிடுக்கு அவளுக்கு ஒரு வாய்.
விரல் ஊட்டிப் பார்க்கிறாள்.

ஷைலி நாகர்கோவிலில் நர்ஸ்.
நசுங்கிய நகங்களை அவள் பார்த்திருக்கிறாள்,
என்னிடம் சொல்வதில்லை.
டியூட்டி முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றாமலே
பிள்ளையின் பத்து விரலையும் எண்ணுவாள்.

பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கதவடியில் செருகினேன்.
உருவி எடுத்துக் கடித்தாள்.
கதவு மூடாமலிருக்க அதன் தலையில் துண்டு போட்டேன்.
இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.
குலசேகரத்து மச்சினன் ரப்பர் ஷீட் கொண்டுவந்தான்,
கீல் பக்கம் வைத்து ஒட்டினோம்,
ஒரு வாரம் வீடு முழுக்கப் புகையும் புளிப்பும்.
அடுக்களைக் கதவில், அவள் எட்டாத உயரத்தில்
ஒரு கொண்டி வைத்தேன்.
ஷைலிக்கும் எட்டவில்லை.
"இது எனக்கா, பிள்ளைக்கா?" என்றாள்.
நாலு விரற்கடை இறக்கினேன்.
பழைய துளை அப்படியே இருக்கிறது.

கீழ்த் தாழ்ப்பாளை மட்டும் யோசிக்கவில்லை.
கதவு செய்த ஆசாரி, தரையிலிருந்து ஒரு சாண் மேலே,
இவளை மனதில் வைத்தே வைத்ததுபோல்
வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை. ஷைலி டியூட்டியில்.
நான் பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
படுக்கையறைக் கதவைக் காற்று சாத்தியது.
உள்ளே அவள்.
அப்புறம், எண்ணெய் போட்ட ஒரு சின்ன 'டிக்'.
எண்ணெய் போட்டதும் நான்தான்.

எண்பது மீட்டர் காற்றாலையில் ஏறுகிறவன் நான்.
இறக்கையைத் தொடுமுன் அது சுற்றாமல் பூட்டி,
பெயரெழுதிய சிவப்பு அட்டை தொங்கவிட்டு,
சாவியைச் சட்டைப்பையில் போட்டு,
அந்தப் பையை ஒருமுறை தொட்டும் பார்க்கிறவன்.
அன்று தரையில் கிடந்தேன்,
கன்னத்தை மொசைக்கில் அமுக்கிக்கொண்டு.
கதவுக்கடியில் அரை அங்குல வெளிச்சம்,
அதில் இரண்டு பாதங்கள்.

"மோளே, அத மேல தூக்கு."
சிரிப்பு.
"அப்பா பாவம்லா மோளே."
சிரிப்பு.
ஜன்னலுக்குக் கம்பி. கீல் ஆணிகள் உள்பக்கம்.
ஸ்டெல்லஸ் அண்ணன் கடப்பாரையோடு வந்து நின்றார்.
"ஒடைக்கட்டா?"
உடைத்தால் கதவு விழுகிற இடத்தில்தான்
அந்தப் பாதங்கள் இருந்தன.
அவள் அழவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்போது இடுக்கின் வழியே ஒரு கிளிப் வந்தது,
துணியில் மாட்டுகிற பச்சைக் கிளிப்.
திருப்பித் தள்ளினேன். வந்தது. தள்ளினேன்.
ஸ்பூன் போனது, கரண்ட் பில் போனது.
அண்ணன் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டுக் குந்தி,
சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டைத் தள்ளினார்.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
தள்ள வேறொன்றும் கிடைக்காமல்
அவளுடைய பந்தை எடுத்தேன்.
நுழையவில்லை.
முட்டி முட்டி நின்றது.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
டிக்.

அன்றிரவே எல்லாக் கீழ்த் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டேன்.
கழிப்பறைக் கதவில் இருந்தது அது ஒன்றுதான்.
உள்ளே இருப்பவர் பாடவேண்டும் என்பது
இப்போது வீட்டுச் சட்டம்.
ஷைலி கோயில் பாட்டு பாடுவாள்.
எனக்குப் பாட்டு வராது. ஒன்று இரண்டு எண்ணுகிறேன்.
பதினாறிலோ பதினேழிலோ கதவு திறந்து
ஒரு தலை வந்து பார்த்துவிட்டுப் போகும்.

அவளிடம் ஏழு சொற்கள் இருக்கின்றன.
அதில் ஒன்று 'தொற'.
அரிசி டப்பாவிடம் சொல்வாள், பூனையிடம் சொல்வாள்,
ஷைலியின் கொண்டையிடம் சொல்வாள்.
நேற்று நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருந்தேன்.
வெளியே காற்று. துண்டில் முட்டி முட்டித்
திரும்பிப் போகும் கதவு.
முகத்தின் மேல் பால் மணம்.
இமையில் இரண்டு விரல்.
தொற.