பதின்மூன்றாவது தட்டு

பதிவுத்தாளில் கீரன் என்று பார்த்து
நம்மாளாக்கும் என்று நினைத்திருந்தேன்.
ரெவல்ஸ்டோக் தாண்டி, நெடுஞ்சாலையோரத் தரிப்பிடத்தில்,
காலை ஆறேமுக்காலுக்கு,
செம்பட்டைத் தாடியோடு இறங்கினான்,
என்னைவிடப் பதினைந்து வயது இளையவன்.
வணக்கத்துக்கு முன்னால் கேள்வி:
“இன்றைக்கு உன்னைத் தோண்டி எடுக்கப்போவது யார்?”

பக்கத்தில் நின்றவள் ஓடெட், பேக்கரிக்காரி.
கையை உயர்த்தினாள்.
என் பெயரைக்கூட அவள் இன்னும் கேட்கவில்லை.

நெஞ்சோடு கட்டிய கருவி
ஆளுக்கொன்று, சோப்புப் பெட்டி அளவு.
புதையுண்டவரிடம் இருந்தால் கூப்பிடும்,
தேடுகிறவரிடம் இருந்தால் கேட்கும்.
ஓடெட் தன்னுடையதைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து
ஜாக்கெட்டால் சுற்றி
எங்கோ புதைத்துவிட்டு வந்தாள்.
முப்பத்தெட்டு. இருபத்திரண்டு.
இருபத்தாறு. தப்பு, திரும்பு.
ஒன்பது.
பதினொரு வருஷம் இரவு வார்டில் வேலை எனக்கு.
சத்தம் விரைந்தால் பதறுகிற காது.
இங்கே விரைந்தால் நல்லதாம், கிட்டே வந்துவிட்டாயாம்.
காதுக்கு அதைப் புரியவைப்பதற்குள்
நாலு நிமிடம் போய்விட்டது.
கோலைக் குத்தினேன். நிலம். நிலம். நிலம்.
பிறகு மெத்தென்று ஒன்று.
பெட்டிதான். ஆனாலும் கை நடுங்கிற்று.

சறுக்குக்கட்டையின் அடியில் ஒட்டுகிற தோலுக்குப்
பூனை முதுகின் குணம்:
ஒரு திக்கில் வழுக்கும்,
எதிர்த்திக்கில் சிலிர்த்துப் பிடிக்கும்.
அதை நம்பித்தான் ஏற்றம்.
லிஃப்ட் இல்லை, டிக்கெட் இல்லை.
காலைத் தூக்காதே, இழு, என்றான் கீரன்.
தூக்கினேன்.
நூறு அடிக்குள் வேர்த்து
குளிருக்கென்று போட்ட மூன்று உடுப்பில்
இரண்டு முதுகுப்பைக்குள் போயிற்று.

மேலே, மரங்கள் குட்டையாகி விலகி நின்ற இடத்தில்,
கழுத்தளவு குழி வெட்டினோம்.
எனக்குப் புல் நுனியில் இருப்பதும் பனி,
மூக்கை அடைப்பதும் பனி,
காரை மூடுவதும் பனி.
வெட்டிய சுவரில் அந்த ஒற்றைச் சொல்
அடுக்கடுக்காய்ப் பிரிந்து கிடந்தது.
மேலே நேற்றைய பஞ்சு.
அதன் கீழ் காற்று இறுக்கிய பலகை.
அடியில் மழை உறைந்த தகடு.
பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே,
தெளிந்த இரவுகளில் இறகு இறகாய் விளைந்து
மூடுண்டுபோன ஒரு விரல் தடிப்பு,
கண்ணாடித்தூள் போல, அவ்வளவு அழகு.
கீரன், பெயருக்குப் பொருத்தமாய்,
அதில்தான் குற்றம் கண்டான்.

தனியாய் அறுத்த தூணின் மேல் மண்வெட்டியை வைத்து
மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. ஒன்றுமில்லை.
முழங்கையிலிருந்து பத்து.
பதினொன்று.
பன்னிரண்டு.
பதின்மூன்றாவதில்
தூணின் மேல்பாதி
மேசை இழுப்பறை போல வெளியே வந்தது.
தோளிலிருந்து தட்டவேண்டிய பத்து
அப்படியே மிச்சம்.

நாற்பது மீட்டர் மேலே முகடு.
அதற்கப்பால், வரைபடத்தில் நாங்கள் வட்டமிட்ட சரிவு,
ஒரு கோடு விழாமல்.
இதற்காக எண்ணூறு டாலர், இரண்டு லீவு நாள்.
ஒருத்தர் வேண்டாமென்றால் எல்லாருக்கும் வேண்டாம்,
காலையில் தலையாட்டிய ஒப்பந்தம்.
கீரன் வாய் திறக்காமல் எங்களையே பார்த்தான்.
வேண்டாம், என்றேன்.
சொன்ன பிறகுதான் என் குரலென்று தெரிந்தது.

சாய்வு குறைந்த காட்டுப் பக்கமாய் இறங்கினோம்.
இறங்கினோம் என்பது மரியாதைக்கு.
ஏழு முறை விழுந்தேன், ஒருமுறை தலைகீழாய்.
தடியை ஊன்றினால் கைப்பிடி வரை உள்ளே போகிறது.
ஊன்ற இடமில்லாத இடத்தில் எழும்புவது எப்படி?
கை கொடுக்க வந்த ஓடெட்டும் விழுந்தாள்.
நடுவில் எங்கோ மூன்று திருப்பங்கள்,
எண்ணி மூன்று,
யாரோ என் முழங்காலை எனக்குத் திருப்பித் தந்தது போல.

வரும் வழியில் ஸ்கார்பரோவிலிருந்து அம்மா:
“உச்சிக்குப் போனியோ?”
“இல்லை, திரும்பிட்டம்.”
“திரும்புறதுக்கோ காசு?”
பதில் யோசிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

புதைத்த பெட்டிக்குள் இரண்டு பணிஸ் இருந்ததாம்,
கல்லாய் உறைந்திருந்தது.
கார் ஹீட்டரில் வைத்துத் தின்றோம்.
அப்போதுதான் ஓடெட் என் பெயரைக் கேட்டாள்.
வதனரூபி, என்றேன்.
மூன்றாம் முறை
ரூபி வரை வந்துவிட்டாள்.