மான் தின்ற செவ்வாய்க்கிழமை

சல்லிக் கரையில் எடுத்த கணக்கை
மான் தின்றுவிட்டது.
பகிடி இல்லை.
நஸ்மில் பஸ் நிலையத்தடியில்
பிளேன்டீ குடிக்க இறங்கிய நேரம்
மோட்டார் சைக்கிளில் கொளுவியிருந்த பைக்குள்
தலையை விட்டு
பதினாறு வள்ளங்களையும் மென்றபடி
கோட்டைப் பக்கமாய்ப் போயிருக்கிறது.
மிஞ்சியது படிவத்தின் ஒரு மூலை:
நான் கையெழுத்து வைக்கவேண்டிய புள்ளிக்கோடு.

செவ்வாய்க்கிழமைக் கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
வெறுமையான கட்டங்கள் கணக்கில் சேரா
என்கிறது மென்பொருளின் கைநூல்.
ஒரே வரி. நம்பினேன்.
யார் யாரோ தங்கள் இரவுகளில் எழுதி
காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்தது,
அதில் சந்தேகப்பட மனம் வரவில்லை.

ஆனி மாத வரைபடத்தை
ஒபிஸ் சுவரில் ஒட்டினோம்.
எரிபொருள் மானியம் கேட்டு வந்த கோணாமலை அண்ணர்
கோட்டின் மேல் விரல் வைத்துப் போனார்,
போன விரல் ஓரிடத்தில் தரைக்கு விழுந்தது.
"ஆர் பிள்ளை சொன்னது
செவ்வாய்க்கிழமை மீன் படேல்லையெண்டு?
எனக்கு மட்டும் அறுபது கிலோ கீரி."

அன்றிரவு உவர்மலை வீட்டில்
லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.
பிழையைச் சொல்வதற்கும் ஒரு முறை உண்டாம்:
உங்கள் தரவு முழுவதும் வேண்டாம்,
பிழை வருகிற ஆகச் சிறிய உதாரணம் போதும்.

மூதூரை எடுத்தேன். புல்மோட்டையை எடுத்தேன்.
கீரி, சூடை, பாரை எல்லாம் போயிற்று,
வள்ளங்களின் பெயர்கள் போயின,
கச்சான் காற்று போனது.
ஒரு மணிக்கு மிஞ்சியது
நாலு, வெறுமை, எட்டு.
சராசரி ஆறு வரவேண்டும்.
நாலு வருகிறது.

வாசித்துப் பார்த்தேன், இதற்குள் கடல் இல்லை.
பிழை மட்டும் இருந்தது,
குழம்பிலிருந்து எடுத்துக்
கோப்பை விளிம்பில் வைத்த முள்ளைப்போல.

எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம்,
எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன?
கச்சேரிக்கு இத்தனை வருடம் நிரப்பிய படிவங்களில்
எதிர்பார்த்தது என்ன என்று
ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.
இங்கிலீஷில் மூன்று முறை மன்னிப்புக் கேட்டு
இரண்டை அழித்துவிட்டு அனுப்பினேன்.

பதினோராம் நாள் பதில் வந்தது.
நிரல் சரிதானாம், பத்து வருடமாய் அப்படித்தானாம்,
இப்போது மாற்றினால் பலருடைய வேலை உடையுமாம்.
கைநூல்தான் பிழை.
நீங்களே திருத்தி அனுப்ப முடியுமா?

ஒரு நாள் முழுக்கக் கோபமாய் இருந்தேன்.
பிறகு 'சேரா'வை வெட்டிவிட்டு
'வேறாகக் கேட்டாலொழிய
பூச்சியமாக எண்ணப்படும்' என்று எழுதினேன்.
அதன் கீழே உதாரணம்:
நாலு, வெறுமை, எட்டு.

புதிய பதிப்பின் நன்றிப் பட்டியலில்
ஜெயரூபியைக் காணோம்.
குடும்பப் பெயர் மட்டும் போட்டிருக்கிறார்கள்:
கனகசூரியம்.
அப்பா, சீனன்குடாவில்
இருபத்தாறு வருடம் மா மூட்டை எண்ணியவர்,
கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தார்.
"எத்தினை பேர் இதைப் பாப்பினம்?"
தெரியாது என்றேன்.
பூச்சியம் என்று சொல்லவில்லை.

கோணாமலை அண்ணருக்குப் புதிய வரைபடத்தைக் காட்டினேன்,
செவ்வாயில் கோடு அறுந்து
புதனில் தொடங்குவதை.
"அப்ப என்ர அறுபது கிலோ?"
படிவம் இல்லாமல் எழுத ஏலாது அண்ணை.
"அப்ப பழையபடி பூச்சியமோ?"
இல்லை, வெறுமை.
கொஞ்சம் யோசித்தார்.
"சட்டிக்குள்ள பாத்தா
ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை."

அவர் வெளியேற,
கேற்றடியில் ஒரு மான்
மானிய அறிவித்தலின் நுனியைப்
பல்லால் இழுத்துக்கொண்டிருந்தது.
நஸ்மில் தன் பையை
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
அதைச் சுற்றி நடந்தான்.