கடைக்கண்ணாடிக் கால்

எங்கள் ஊர்க்காரர்கள் அந்த நோய்க்கு வைத்த பெயர்
கடைக்கண்ணாடிக் கால்.
நூற்றிருபது தப்படி நடந்ததும் கெண்டைக்கால் பிசையும்.
வலிக்கிறது என்று சொல்ல வெட்கம்.
பக்கத்துக் கடைக் கண்ணாடி முன் நின்று
எதையோ விலை பார்ப்பதுபோல் ஒரு பாவனை.

ஹெஸ்ஸலுக்கு வாய்த்தது மணப்பெண் உடைக்கடை.
லேவர்டன் கால்வாய்ப் பாலத்திலிருந்து எண்ணினால்
வலி சரியாக அங்கேதான் வந்து சேரும்.
இழுவைப்படகில் நாற்பது வருஷம் கயிறு இழுத்த மனிதர்
வெள்ளை லேஸ்களை முறைத்தபடி
தினமும் நாலு நிமிஷம்.
கடைக்கார ஆங்கெ ஒருநாள் வெளியே வந்து
"மகளுக்கா?" என்றாளாம்.
"ஆமாம்" என்றாராம்.
அவருக்கு இரண்டும் பையன்கள்.

நான் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில்
தமனிகளைச் சீவுகிறவள்.
தொடையிலிருந்து சுரண்டியெடுத்த அடைப்பு
எண் ஒட்டிய சீசாவில் வரும்.
பெயர் இருக்காது. ஆண், அறுபத்தெட்டு. அவ்வளவுதான்.
மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாக வெட்டி,
வெந்நீரில் மிதக்கவிட்டுத் தூரிகையால் ஏந்துவேன்.
பிறகு சாயம்.
ஆண்ட்ரோஜன் ஏற்பி இருக்கும் உயிரணுவின் கரு
காப்பித்தூள் நிறத்துக்கு மாறும்.
இல்லாதது நீலமாகவே கிடக்கும்.

இந்தத் துண்டில்
தசை விளிம்பில் பழுப்புப் புள்ளிகள் கொஞ்சம்.
உள்ளே போகப் போக அருகி,
சுண்ணாம்பு கட்டிய இடத்தில் ஒன்றுமில்லை.
கத்தி அங்கே பல்லைக் கடித்தது.

ஆண்மை ரத்தத்தில் ஓடுவதாகத்தான் ஊரே நம்புகிறது.
ஓடட்டும்.
கேட்கக் காதில்லாத வீட்டில் சங்கு எதற்கு?
தோளில் தடவும் ஜெல்லுக்கு வரிசையில் நிற்கிறார்கள்,
இன்னும் பலமாக ஊதச் சொல்லி.
செவிடு எங்கே என்று பார்க்க யாருக்கும் பொறுமையில்லை.
எனக்கும் தெரியாது:
ஏற்பி குறைந்ததால் குழாய் அடைத்ததா,
அடைத்ததால் அணுக்கள் காதைப் பொத்திக்கொண்டனவா.
பேராசிரியர் வீகர்ஸ்மாவுக்கும் தெரியாது.
"முப்பத்தொரு துண்டு போதாது, இன்னும் வெட்டு" என்கிறார்.

அந்த வாரமெல்லாம் கண்ணாடி முன் ஹெஸ்ஸல் இல்லை.
சீசாவின் எண்ணைப் பதிவேட்டில் தேடலாம்.
தேடக் கூடாது. தேடவில்லை.
நுண்ணோக்கி முன் மட்டும்
வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்துவிட்டேன்,
எதையோ விலை பார்ப்பதுபோல்.

நவம்பர் கடைசியில், சாரலில், பாலத்துக்கு அப்பால் அவர்.
மணப்பெண் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினார்.
ஆங்கெ உள்ளிருந்து கையசைத்தாள்; கவனிக்கவில்லை.
மீன்வண்டி முன்னால் நின்றார்.
நானும் சைக்கிளை ஒற்றைக்காலில் ஊன்றி எண்ணினேன்.
ஹெர்ரிங் ஒன்று வாங்கி, வாலைப் பிடித்துத் தூக்கி,
வெங்காயத்தோடு தின்று, விரல் துடைத்து,
பிறகும் அங்கேயே நின்றார்.
இன்னொன்றா என்று கேட்டான் மீன்காரன்.
காலா, பசியா,
அவர் முகத்தில் எந்தச் சாயமும் ஏறவில்லை.