லாபம், ரெண்டு, மூணு

ஜப்பான்காரன் எண்ணூரில் இறங்கிய வருஷம்
கொசஸ்தலைக்கு அந்தக் கரை அவனுடையது,
இந்தக் கரை வெள்ளைக்காரனுடையது.
நடுவில் உப்பளம்.
அங்கே விழுந்தவர்கள்தாம் முதலில் எழுந்தார்கள்.

குண்டில் இருந்த மருந்து என்றார்கள்.
உப்புத் தண்ணீர் என்றார்கள்.
கடிபட்டவன் செத்து, மூன்றாம் நாள் எழுந்து
ராயபுரம் வரைக்கும் நடந்தே வந்தான்.
மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று
ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று சொன்ன நாங்கள்
ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டோம்.

பங்களாக்காரர்கள் ரயிலேறிவிட்டார்கள்.
கூலிக்காரர்கள் பாதிப்பேர் ஊருக்கு ஓடிவிட்டார்கள்.
துறைமுகத்தில் கப்பல் நின்றது, இறக்க ஆளில்லை.
யாரோ ஒரு துரைக்கு யோசனை வந்தது:
இவர்களுக்குச் சோறு வேண்டாம்.
தூக்கம் வேண்டாம்.
யூனியன் வேண்டாம்.
வாயில் கோணித்துணி அடைத்து
பிடரியில் கயிறு முடிந்துவிட்டால்
மூட்டை சுமப்பார்கள்.

எனக்கு அங்கே வேலை கிடைத்தது.
மணிக்கட்டில் தகர வில்லை கட்டுகிற வேலை,
ராத்திரிக்கு ஆறணா.
மீன் அறுத்த கை, நாற்றத்துக்கு அஞ்சாது என்று
எடுத்துக்கொண்டார்கள்.

எண்ணிக்கையும் என்னுடையதுதான்.
ஒன்று என்று தொடங்கக் கூடாது.
நெல் அளக்கிறவன் வழக்கம், மேஸ்திரியும் அதைத்தான் கேட்டான்:
லாபம், ரெண்டு, மூணு...
எந்த வரிசையிலும் முதல் பிணத்துக்குப் பெயர் லாபம்.

பேசின் பிரிட்ஜில் குண்டு விழுந்து பதினோரு நாள் கழித்து
நாற்பத்திரண்டாவது ஆளின் கையைப் பிடித்தேன்.
கட்டைவிரலில் தூண்டில் கிழித்த தழும்பு.
மஞ்சள் வைத்து அதைக் கட்டியவளே நான்தான்.
சவரிமுத்து.
கண் என்னைத் தாண்டி எங்கோ போயிற்று.
உயிரோடிருந்தபோதும்
சம்பள நாளில் அப்படித்தான் பார்ப்பார்.

மறுநாள் ஆபீசில் நின்றேன்.
குமாஸ்தா ராகவலு பேரேட்டைப் புரட்டினான்.
"புருஷன் செத்துட்டானாம்மா?"
"செத்துட்டாருங்க."
"அப்போ ரேஷன் கார்டுல அவன் பேரை அடிக்கணும்."
அடித்தான்.
"விதவைக்கு ஏதோ பணம் தர்றாங்கன்னு..."
வேறொரு பேரேட்டை எடுத்தான்.
"ஏழாம் நம்பர் கிடங்குல வேலை செய்றான்னு கீதே.
வேலை செய்றவனுக்கு இன்னாம்மா விதவை?"
"அப்போ கூலியாச்சும் குடுங்க."
"செத்தவனுக்கு ஏது கூலி?"
இரண்டு பேரேட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூடினான்.
பாவம், கெட்டவன் இல்லை.
அவன் தம்பி எட்டாம் நம்பரில் சுமந்துகொண்டிருந்தான்.

சைரன் ஊதினால் நாங்கள் பதுங்குகுழிக்கு ஓடுவோம்.
அவர்கள் மூட்டையோடு நிற்பார்கள்
விளக்கணைத்த இருட்டில்,
கடலைப் பார்த்துக்கொண்டோ
பார்க்காமலோ.

முந்தாநாள் நான் ஓடவில்லை.
மீன்கத்தியை எடுத்துக்கொண்டு வரிசையோடு போனேன்.
லாபம். கயிறு அறுந்தது.
ரெண்டு. கயிறு அறுந்தது.
கடித்தால் கடிக்கட்டும்,
கடிக்கிறவர்கள் என்றாவது
துரைக்குத் தெரியட்டும் என்றுதான்.
ஆனால் துணி வெளியே வந்ததும்
ஒவ்வொருவரும் மூட்டையைக் கீழே வைத்தார்கள்.
வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்தார்கள்.
தலைக்கு மேலே விமானம் போய்க்கொண்டிருந்தது.
நாற்பத்தொரு பேர், ஒரு சத்தமில்லை.

நாற்பத்திரண்டாவது கயிறு மட்டும் சிக்கிக்கொண்டது.
விரலைவிட்டு நெம்பினேன்.
கோபம் என்று சொல்ல மாட்டேன்,
ஆசை என்றும் சொல்ல மாட்டேன்.
கட்டைவிரல்தான் அகப்பட்டது, அவருக்குத் தழும்புள்ள அதே விரல்.

விடிந்ததும் துரை வந்து பார்த்தார்.
யூனியன் வேண்டாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.
அவர் துப்பாக்கியை எடுத்தார், பிறகு
யாரைச் சுடுவது என்று தெரியாமல்
தொப்பியைக் கழற்றினார்.
இன்றுவரை கப்பல் அப்படியே நிற்கிறது.

நேற்று ராத்திரி ஜுரம் வந்தது.
இப்போது பசி நின்றுவிட்டது, அது ஒரு நிம்மதி.
கண்ணியம்மா, நீதான் என் கையில் வில்லை கட்டுவாய்.
இறுக்கிக் கட்டு, நழுவவிடாதே.
என்னை வரிசையின் முதலில் நிறுத்து.
மேஸ்திரி திட்டுவான், திட்டட்டும்.
என்னைத் தொட்டு எண்ணும்போது
ஒன்று
என்று சொல்.