ஏழு கண் மதகு

மதகுக்கு ஏழு கண்.
எனக்கு இப்போதைக்கு ஒன்றரை.
இடது கண்ணில் புரை பாதி பழுத்திருந்தது.
முழுதும் பழுக்கட்டும்,
ஓய்வு வாங்கிய கையோடு
திருவாரூரில் அறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

ஓய்வு மே முப்பத்தொன்று.
ஜூன் பன்னிரண்டில் மேட்டூர் திறந்தாலும்
வெண்ணாற்றில் எங்கள் மதகுக்குத் தண்ணீர் வர
ஒரு வாரம் ஆகும்.
அதற்குள் நான் லஸ்கர் இல்லை,
கரையில் கைகட்டி வேடிக்கை பார்க்கிற ஆள்.
நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் ஒரு காலை
அடியளவு சொல்கிற நேரத்துக்கு
அமலோற்பவம் மேடமே கூப்பிட்டார்கள்.
"பூஜ்யம் மேடம்" என்றேன்.
கோடையில் வேறென்ன சொல்ல.
"அம்பத்தெட்டு அறுபது ஆயிடுச்சு பக்கிரிசாமி.
பென்ஷன் பேப்பரை வந்து வாங்கிக்குங்க.
போட்டோ மூணும் கசங்காம இருக்கு."

ரெங்கநாயகியும் நானும் சேர்ந்து எடுத்த போட்டோ.
அவள் கழுத்தில்
அன்றைக்கென்று அடகிலிருந்து மீட்ட சங்கிலி.
மறுநாளே திரும்பப் போய்விட்டது.

அவள் விரல்விட்டு எண்ணினாள்.
"இருபத்து நாலு முழுச் சம்பளம், கசக்குதா?"
கசக்கவில்லை.
சொசைட்டிக் கடன் அதற்குள் அடைந்துவிடும்.
ஆனால் கிராஜுவிட்டியை நம்பி
லிண்டலோடு நிற்கிற மூத்தவள் வீடு
இன்னும் இரண்டு மழை நனையும்.

நான் எண்ணியது வேறு.
ஒரு ஷட்டர் முழுசாய் ஏற நூற்று நாற்பது சுற்று.
ஏழுக்கும் தொள்ளாயிரத்து எண்பது.
முறைப்பாசனம் வந்தால்
ஆறு நாள் திறந்து ஆறு நாள் மூட வேண்டும்.
ஐப்பசி வெள்ளம் ராத்திரியில்தான் வரும்,
அது எந்தக் கணக்கிலும் சேராது.
வலது தோளைக் கேட்டுப் பார்த்தேன்.
அது பதில் சொல்லவில்லை, மரத்திருந்தது.

சரி, தயாராக வேண்டியதுதான்.
பழுக்கக் காத்திராமல் கண்ணை அறுத்துக்கொண்டேன்.
டீயில் சர்க்கரையை விட்டேன், மூன்று நாள் கழித்துப் பிடித்தேன்,
மறுபடி விட்டேன்.
பல்சக்கரங்களுக்கு ஒரு டின் கிரீஸ், சொந்தக் காசில்.
கைப்பிடியில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகிச்
சுற்றிப் பார்த்தேன்.
பாரம் குறைந்தது, வட்டம் பெரிதானது.
மேலே இருப்பவர்களும்
இந்தக் கணக்கைத்தான் போட்டார்களோ என்னவோ.

சொல்லாமல் விட்டது ஐயாறைப் பற்றி.
பதினான்கு வருஷமாய்த் தினக்கூலி.
என் இடம் காலியானால் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது.
இரண்டு செட் காக்கித் துணி எடுத்து
தைக்கக் கொடுத்திருந்தான்.
அவன் சொல்லவில்லை, டெய்லர் சொன்னார்.
"அளவு மாறிடும்ப்பா, அப்புறம் தைக்கலாம்னு
துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டான்."

தண்ணீர் வந்த அன்று
நுரையும் முள்ளும் ஒரு செருப்பும் முன்னால் வந்தன.
பூ தூவ வந்தவர்கள் தூவிவிட்டுப் போனார்கள்.
மூன்றாம் கண் வழக்கம்போல் சிக்கியது.
குழாயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு
ஐயாறு சொன்னான்,
"நீங்க எண்ணுங்க, நான் சுத்துறேன்."

எண்ணினேன்.
அவன் முதுகில் வேர்வை
சட்டையின் தையல் ஓரமாய் இறங்கியது.
நாற்பத்தொன்று அவனுக்கு.
"கோவமா?" என்று கேட்டிருக்கலாம்.
தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கு
என்றுதான் வாய் சொன்னது.
கேட்டிருந்தாலும்
அடுத்த சுற்றைத்தான் சுற்றியிருப்பான்.

மதியம் போனில் சொன்னேன்,
"ரெண்டேகால் அடி மேடம்."
பிறகு பதிவேட்டை விரித்தேன்.
திறந்த நேரம், திறந்த அளவு,
திறந்தவர் பெயர்.
தினக்கூலி ஆளின் பெயர் எழுத
அதில் கட்டம் கிடையாது.
என் பெயரை எழுதினேன்.
அறுத்த கண்ணுக்கு
எழுத்து நன்றாகவே தெரிந்தது.